ஐம்பது பீரங்கியா, நூறு டன் கரியா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சரித்திர நாவல் எழுதுகிறாராம். காலம் 1840 வாக்கில். பாலாறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு கற்பனைச் சிற்றரசு, கும்பெனிக்குக் கப்பம் கட்ட மறுக்கும் ஒரு ராஜா, அவரிடம் ஒரே ஒரு நீராவிப் போர்க்கப்பல். வரதர் கருட சேவையில் வருகிறாரே, அந்தக் கருடனைப் போல முகப்பில் ஒரு கருடன். இருபுறமும் சேர்த்து ஐம்பது பீரங்கி. “கப்பல் எப்படி இருக்கும் என்று விவரமாக எழுதுங்கள், அப்படியே வர்ணித்துவிடுகிறேன்” என்கிறார்.

கருடன் இருக்கட்டும். பீரங்கிகளைத்தான் கரையில் இறக்க வேண்டியிருக்கிறது.

நீராவி பிஸ்டனைத் தள்ளும் கதை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அந்தக் காலத்து எஞ்சின் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. நம் ஊர் நெசவாளர் வீட்டுக்குள் போனவர்களுக்கு அது உடனே பிடிபடும். கீழே குழி, மேலே ஜக்கார்டு பெட்டி, நீட்டிக் கட்டிய பாவு என்று கூடம் முழுவதையும் தறியே எடுத்துக்கொண்டிருக்கும். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் மிச்சமிருக்கிற ஓரத்தில். நான் வளர்ந்த வீட்டில் விருந்தாளி வந்தால் பாவுக்கு அடியில்தான் பாய் விரிப்போம். ஆரம்பகால நீராவிக் கப்பலும் அப்படி ஒரு வீடுதான். நட்டநடு வயிற்றைக் கொதிகலனும் எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் கரி, கரி போக மிச்சத்தில் ஆட்கள், ஆட்களும் போக மிச்சத்தில் பீரங்கி.

அந்த பீரங்கியை வைக்கவும் சரியான இடம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய துடுப்புச் சக்கரங்கள் சுழல்கின்றன. பாய்மரக் கப்பலில் வரிசையாக பீரங்கி வைக்கும் நடுப்பக்கத்தைச் சக்கரக் கூடுகளே மறைத்துவிடும். அதனால் சிறிய நீராவிக் கப்பல்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சுழலும் மேடையில் பெரிய பீரங்கிகளாக இரண்டை வைத்தார்கள். கும்பெனி ரகசியமாகக் கட்டவைத்த ‘நெமிசிஸ்’ அப்படிப்பட்டது. 1839இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் லேர்ட் பட்டறையில் முழுக்க இரும்பால் செய்யப்பட்டது. நீளம் 184 அடி, அகலம் 29 அடி. பெரிய பீரங்கிகள் 32 பவுண்டு குண்டு போடுகிற இரண்டே இரண்டு. கூட ராக்கெட் குழாயும் சில சில்லறைத் துப்பாக்கிகளும். 1841 ஜனவரியில் சீனக் கரையில் அது ஏவிய ஒரே ராக்கெட்டில் ஒரு சீனப் போர்ப்படகு வெடித்துச் சிதறியது.

நாவலுக்கு உதவும் விஷயம் ஒன்று அந்தக் கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது. சுமையோடு இருந்தாலும் அது ஆறடிதான் தண்ணீரில் அமிழும். நம் கரைக்கு அதுதான் வேண்டும். மதராஸுக்கே அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரையேறின காலம். பாலாற்று முகத்துவாரத்து மணல்மேட்டை ஆழமான கப்பல் எதுவும் தாண்டாது. தட்டையான அடி தாண்டிவிடும். ஆனால் பாய் விரித்ததும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காக நெமிசிஸில், வேண்டும்போது கீழே இறக்கி வேண்டாதபோது மேலே இழுத்துக்கொள்ளும் இரண்டு அடிப்பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். ராஜாவின் கப்பலுக்கும் அவசியம் இரண்டு வேண்டும்.

நிற்க. எனக்குப் பிடித்த கப்பல் நெமிசிஸ் அல்ல, ‘ஹ்யூ லிண்ட்சே’. பம்பாய்க் கப்பல்தளத்தில் பார்சித் தச்சர்கள் கட்டி 1829இல் நீரில் இறக்கியது. 411 டன், 80 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு. கடற்படைக் கப்பல் என்று பெயர். சூயஸ் வழியாகத் தபால் போகுமா என்று பார்ப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. வடிவமைத்தவர்கள் ஐந்தரை நாளுக்கான கரி வைக்க இடம் விட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து முதல் நிறுத்தமான ஏடனுக்கோ 1,600 மைலுக்கு மேல். கேப்டன் ஜான் வில்சன் என்ன செய்தார்? அறைகளில் கரி, மேல்தளத்தில் கரி, கால் வைக்கிற இடமெல்லாம் கரி என்று பதினோரு நாளுக்கானதை அடைத்துக்கொண்டு 1830 மார்ச் 20 அன்று கிளம்பினார். கப்பலின் பின்பகுதி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போனதாம். பதினோராம் நாள் ஏடனில் நங்கூரம் போட்டபோது மிச்சமிருந்தது ஆறு மணி நேரத்துக்கான கரி.

இதில் ஒரு வேடிக்கை. ஏடனில் அவருக்காகக் காத்திருந்த கரி இங்கிலாந்தில் வெட்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் கொண்டுவந்தது. காற்றை நம்பத் தேவையில்லை என்று பீற்றிக்கொண்ட எஞ்சினுக்குச் சாப்பாடு போட்டதே காற்றுதான். ஏடனில் கரி ஏற்றவே நாட்கள் கழிந்தன. பிறகு ஜித்தா, குசைர் என்று நின்று நின்று, ஏப்ரல் 22 அன்று சூயஸ் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பசி அத்தோடு அடங்கவில்லை. கரி கொட்டி வைக்க நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று பம்பாய் அரசு அரிக்க ஆரம்பித்தது. 1837இல் ஜித்தாவுக்கு யாத்ரீகர்களை ஏற்றிப் போன ‘துரியா தௌலத்’ என்கிற மதராஸ் கப்பல் ஏடன் அருகே தரைதட்டிக் கொள்ளையடிக்கப்பட்டது. அதைச் சாக்காக வைத்துப் பேச்சு, மிரட்டல், கடைசியில் 1839 ஜனவரி 19 அன்று பீரங்கி. ஏடன் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போய் 1967 வரை அங்கேயே இருந்தது. கொள்ளையும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கரி தேவைப்படாத காலமாக இருந்தால் அந்தக் கொள்ளைக்காக அவ்வளவு தூரம் போயிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

இங்கே சரித்திர நாவலாசிரியர்கள் மேல் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. பாய் விரிவதை அரைப் பக்கம் எழுதுவார்கள், நிலவொளியில் இளவரசி மேல்தளத்தில் நிற்பாள். கப்பலுக்குக் கீழே வியர்வையில் குளித்துக்கொண்டு கரி அள்ளிப் போட்ட ஒருவனையாவது அவர்கள் எட்டிப்பார்த்ததில்லை. கட்டியவர்களுக்கும் இதே கதிதான். பம்பாயின் வாடியா குடும்பத்தைச் சேர்ந்த அர்தசீர் குர்செத்ஜி 1833இல் ‘இண்டஸ்’ என்ற சிறு நீராவிக் கப்பலைக் கட்டினார், தன் வீட்டுக்கு எரிவாயு விளக்குப் போட்டுக்கொண்டார், 1841இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். சிறுவயதில் கொஞ்ச காலம் நம் காஞ்சிபுரத்தில் இருந்த ராமானுஜன் அந்த இடத்துக்கு வந்தது 1918இல், இரண்டாவதாக. அர்தசீருக்கு 1969இல் ஒரு தபால்தலை வெளியிட்டார்கள். பள்ளி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள், முதல் பெயராக ராமானுஜன்தான் வரும். ராமானுஜனுக்குப் பெருமை சேர்க்க இந்தத் தவறு தேவையே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அக்காலத்து எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு எட்டிலிருந்து பத்து பவுண்டு கரி தின்னும். ராஜா நானூறு டன் கப்பலில் நூறு குதிரைத்திறன் எஞ்சின் போட்டால் நாளைக்கு ஏறக்குறைய பத்து டன். பத்து நாள் ஓட நூறு டன், அதாவது கப்பலில் கால்வாசி. நெய்வேலி நம் பக்கத்தில்தானே என்பீர்கள். அங்கே பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிந்ததே 1930களில்தான். ராஜாவுக்கு ராணிகஞ்ச் கரிதான் கதி, அதையும் கல்கத்தா வழியாகக் கும்பெனியின் கண்முன்னே வாங்க வேண்டும். விறகு எரிக்கலாம், ஆனால் அதே சூட்டுக்குச் சுமார் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். கொதிகலனுக்கு ஊற்றியதும் கடல்நீர்தான். உள்ளே உப்பு படியாமலிருக்க, காய்ச்சிய நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது கடலிலேயே திறந்துவிட வேண்டும். அதோடு அதைக் காய்ச்சிய கரியும் வீண்.

துடுப்புச் சக்கரத்துக்குப் பதிலாக ப்ரொப்பல்லர் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். 1840இல் அது இன்னும் பரிசோதனைதான். ‘ராட்லர்’ என்ற ப்ரொப்பல்லர் கப்பல், சக்கரம் வைத்த ‘அலெக்டோ’வைப் பின்பக்கமாகக் கட்டி இழுத்துக்கொண்டு போனது 1845இல்.

ஆகவே மலபார் தேக்கில் நானூறு டன், இரண்டு பாய்மரம், ஆறடி அமிழ்வு, இரண்டு 32 பவுண்டு பீரங்கி. இதை வைத்துக் கும்பெனிக் கப்பல்களோடு நேருக்கு நேர் மோத முடியாது. ஆனால் ‘டயானா’வை நினைத்துக்கொள்ளுங்கள். 1823இல் கல்கத்தா கிதர்பூரில் கட்டிய சிறு நீராவிக் கப்பல் அது. அடுத்த ஆண்டே பர்மியப் போரில் ஐராவதி ஆற்றில் பெரிய கப்பல்களை இழுத்துப் போனது, துடுப்பு வலித்த பர்மியப் போர்ப்படகுகளை ஆட்கள் களைத்துப்போகும் வரை விடாமல் விரட்டியது. உங்கள் ராஜாவும் காற்றில்லாத சித்திரை மதியத்துக்காகக் காத்திருக்கட்டும். அன்றைக்குப் பாய்மரக் கப்பல்கள் அசையாமல் நிற்கும், இவர் மட்டும் போய்விட்டு வரலாம்.

எஞ்சின் பொறியாளரை மட்டும் மூன்றாம் அத்தியாயத்திலேயே கொன்றுவிடாதீர்கள். சீமையிலிருந்து இன்னொருவர் முனையைச் சுற்றி வந்து சேர்வதற்குள் நாவல் முடிந்துவிடும்.