இரும்புக் காலுக்கு மரச் சட்டை

கோயில் கொடிமரத்தின் உள்ளே இருப்பது நெடிய மரத்தண்டு. வெளியே இருப்பது பித்தளை அல்லது செப்புத் தகட்டாலான கவசம். மழையும் வெயிலும் தாக்காமல் உலோகம் காத்து நிற்க, நிமிர்ந்து நிற்கும் வேலையை மரம் செய்கிறது. இன்றைய வீட்டு முகப்புகளில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. கூரையின் சுமையை உள்ளே நிற்கும் இரும்புக் குழாய் தாங்க, அதைச் சுற்றிப் பொருத்திய மரப்பலகை தூணின் தோற்றத்தைத் தருகிறது. பார்ப்பதற்கு எளிய அலங்கார வேலையாகத் தோன்றினாலும், காவிரிப் படுகையைப் போன்ற ஈர நிலத்தில் இதைச் செய்ய முனைவோர் மரம், இரும்பு, நீர், கரையான் ஆகிய நான்கின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல், சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனாரின் பெயரில் நிலைத்திருக்கும் பழைய ஊர். கோச்செங்கட் சோழன் எழுப்பியதாகப் போற்றப்படும் மாடக்கோயில்களுள், அதாவது உயர்த்திய மேடைமீது கருவறை அமைந்த கோயில்களுள், ஒன்றான கோணேசுவரர் கோயில் அங்கே உள்ளது. ஆறும் வாய்க்காலும் வயலும் பின்னிக் கிடக்கும் இந்நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது நிலத்தடி நீர் மேலேறி வருவதால், வீடு கட்டுவோர் மண்ணுக்குள் இறங்குவதில்லை. மண்ணுக்கு மேலே ஏறுகின்றனர். கொத்தனார்களின் பேச்சில் 'பேஸ்மென்ட்' என்பது நிலவறையைக் குறிப்பதில்லை. அடித்தளத்துக்கு மேல் செங்கல் கட்டி, மண் நிரப்பி உயர்த்தும் பீடத்தையே குறிக்கிறது. வட அமெரிக்காவில் இதே சொல் வீட்டுக்கு அடியிலுள்ள அறையைக் குறிக்கும். அங்கே வீட்டின் நடு உத்தரத்தை அந்த அறையில் வரிசையாக நிற்கும் இரும்புக் குழாய்கள் தாங்குகின்றன. அவற்றுள் கான்கிரீட் நிரப்பிய ஒரு வகை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தயாரித்த ஜான் லாலியின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. நிலவறையைக் குடும்பம் புழங்கும் கூடமாக மாற்றும்போது அக்குழாய்களை மரத்தால் போர்த்துவது அந்நாட்டுத் தச்சர்களின் வழக்கமான வேலை. படுகையில் அத்தகைய இரும்புக் கால் நிற்குமிடம் நிலவறையன்று, வாசல். திண்ணைக்கு முன் இறக்கிய ஓட்டுச் சாய்ப்பையும், கார் நிறுத்தும் முகப்பையும், மாடியில் போட்ட தகரக் கூரையையும் தாங்குவது அதுவே.

இரும்புக் குழாய் வாசலுக்கு வந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. நல்ல தேக்கு விலை ஏறிவிட்டது. முழு மரத்தைக் கடைந்து தூணாக்கும் பொறுமையும் நாளும் குறைந்துவிட்டன. வெல்டரோ ஓரிரு நாளில் நான்கு குழாய்களை நிறுத்திவிடுகிறார். காற்று இன்னொரு காரணம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. இலேசான கூரைக்கு மேலிருந்து அழுத்தும் சுமையைவிட, அடியில் புகுந்து தூக்கும் காற்றே பெரும் பகையாகும். அடித்தகட்டைத் தரைக் கான்கிரீட்டோடு ஆங்கர் போல்ட்டால் முடுக்கி நிறுத்திய குழாய் அந்தத் தூக்கு விசையையும் எதிர்த்து நிற்கிறது. ஆகவே குழாயைப் போர்த்தும் மரப்பெட்டி சரியாக உட்காரவில்லை என்பதற்காக அடித்தகட்டின் ஓரத்தை வெட்டுவதோ, ஒரு போல்ட்டைக் கழற்றுவதோ அலங்காரத்துக்காக வீட்டின் பிடிப்பை விற்றுவிடுவதற்கு ஒப்பாகும்.

போர்வைத் தூணுக்கு உருவம் கொடுப்பதற்குமுன் பழைய திண்ணைத் தூணை ஒருமுறை அடிமுதல் முடிவரை பார்ப்பது நல்லது. அதன் அடியில் மரம் இல்லை, கல் இருக்கிறது. ஒரு சாண் அல்லது அதற்கும் கூடுதலான உயரமுள்ள கருங்கல் பாதத்தின் நடுவே சிறு குழி வெட்டி, தூணின் அடியில் செதுக்கிய குமிழை அதில் இறக்கியிருப்பர். நாள்தோறும் விடியலில் வாசல் தெளிக்கும் நீரும், திண்ணை கழுவும் நீரும், சாரலும் அந்தக் கல்லோடு நின்றுவிடுகின்றன. மரத்தின் வெட்டுமுகம் நீரை உறிஞ்ச வாய்ப்பில்லை. மண்ணிலிருந்து மேலேறும் கரையான் அந்தக் கல்லின் வெளிப்புறத்தில் மண்குழாய் கட்டியே வரவேண்டியிருப்பதால், வாசல் பெருக்குபவர் கண்ணில் அது முதல் நாளே பட்டுவிடும். மேலே தூண் சற்றே ஒடுங்கிச் சென்று, போதிகையில் முடிகிறது. போதிகை என்பது தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் இடையே இரு புறமும் கை நீட்டி நிற்கும் கட்டை. உத்தரத்தின் சுமையை அகலமாக வாங்கித் தூணுக்குள் இறக்குவது அதன் பணி. கோயிற் சிற்பிகள் கல்தூணின் தலைப்பகுதிக்கு வைத்த கலசம், தாடி, குடம், இதழ், பலகை, போதிகை என்ற பெயர்வரிசையே, மரத்தில் பழகிய கை கல்லுக்கு மாறியதன் அடையாளமாக வீட்டுத் தூணோடு ஒத்துப்போகிறது. சோழர் காலத்தில் எளிய சாய்வெட்டாக இருந்த போதிகை, நாயக்கர் காலத்தில் தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூ வடிவம் பெற்றது. படுகையின் பழைய வீடுகளில் மரத்திலும் அந்த வாழைப்பூ தொங்குவதைக் காணலாம்.

இரும்பை மரத்தால் மறைப்பது பொய்யான வேலை என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. அந்த எண்ணம் நேர்மையிலிருந்து பிறந்ததே எனினும், இம்மண்ணின் வழக்கம் அதை ஏற்கவில்லை. கலியாணப் பந்தலின் மூங்கில் காலுக்குத் துணி சுற்றி, வாழைமரம் கட்டாமல் எவரும் விருந்தினரை வரவேற்பதில்லை. தேரில் தொங்கவிடும் தொம்பை, அதாவது வண்ணத் துணிகளை ஒட்டுவேலையாகத் தைத்து உருளையாக்கிய தொங்கல், துணியாலேயே தூண் செய்துகாட்டும் கலை. மதுரையில் 1636இல் கட்டி முடிக்கப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்கள் உள்ளே செங்கல். வெளியே தெரியும் வழவழப்பு சுண்ணாம்பினுடையது. எல்லாவற்றையும்விடப் பொருத்தமான சான்று குடவாசலுக்கு அண்மையிலேயே, திருவாரூரில் நிற்கிறது. தியாகராசர் கோயிலின் ஆழித்தேர் மரச் சிற்பங்களால் நிறைந்தது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகக் கூறப்படும் அத்தேரை இன்று தாங்கி ஓடுவன இரும்பு அச்சுகளும் சக்கரங்களும். நிறுத்துவது திருச்சி பெல் நிறுவனம் பொருத்தித்தந்த நீரழுத்தத் தடை. அதனால் ஆழித்தேரின் அழகு குறைந்துவிட்டதாக வடம் பிடிப்போர் எவரும் கருதுவதில்லை. சுமப்பது எது, காட்டுவது எது என்ற பிரிவு தெளிவாக இருந்தால், போர்வை பொய்யாவதில்லை. மறைப்பு குற்றமாவது, உள்ளே இருப்பதைப் பார்க்கவே முடியாதபடி அடைத்துவிடும்போதுதான்.

வேலை உள்ளிருந்து தொடங்க வேண்டும். மரம் மூடியபின் இரும்பைத் தீண்ட முடியாது. ஆகவே குழாயின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, முதற்பூச்சாகிய பிரைமரும் அதன்மேல் இரண்டு கை எனாமலும் அடித்து, குறிப்பாக அடித்தகடும் குழாயும் சேரும் வெல்டிங் தையலில் பூச்சு முழுமையாகப் படிந்ததா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருப்பின் துரு தாமதமாகும். ஆனால் பற்றவைத்த இடத்தில் அந்தத் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும் என்பதால் அங்கே பூச்சு இன்றியமையாதது. அடுத்து அடித்தகடு நிற்கும் இடத்தைச் சுற்றி, பழைய தூணின் கற்பாதத்தை நினைவில் கொண்டு, நான்கு துண்டாக அறுத்த கருங்கல்லையோ கான்கிரீட்டையோ ஒரு சாண் உயரத்துக்குப் பீடமாகச் சேர்க்கலாம்; அதன் மேல்முகம் வெளிப்புறமாகச் சற்றே சரிந்திருந்தால் நீர் தேங்காது. மரப்பெட்டி அந்தப் பீடத்தின்மீது அப்படியே அமரக் கூடாது. இரண்டு நெல்மணி கிடையாக நுழையும் அளவு இடைவெளி விட்டு, குழாயில் திருகிய சிறு இரும்புக் கோணங்களில் பெட்டி தொங்கவேண்டும். வெளியே பார்ப்பவருக்கு அந்த இடைவெளி ஒரு மெல்லிய நிழற்கோடாகத் தெரியும். உள்ளே காற்று நுழையும் வழியும் அதுவே. மேலே, உத்தரத்தை ஒட்டியும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு அதைப் போதிகை வடிவப் பலகையால் மறைக்க வேண்டும். படுகையின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்பினது. கட்டடம் சற்றே இறங்கினாலும் சுமை மரப்பெட்டிமேல் விழுந்து அதை நெரிக்காமல் இருக்க அந்த இடைவெளி காக்கும்.

மரம் அசையும் என்பதைத் தச்சர் அறிவார், வீட்டுக்காரர் மறந்துவிடுகிறார். காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் நீர் வாங்கி விரிவதும் விட்டுச் சுருங்குவதும் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. அந்த அசைவு நீளவாக்கில் மிகச் சொற்பம், அகலவாக்கில் மிகுதி. அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களைத் தொட்டவாறு அறுத்த பலகை, வளையங்களுக்குக் குறுக்கே அறுத்ததைப்போல் இரு மடங்கு அசையும். மிகக் குறைவாக அசையும் மரங்களுள் ஒன்றான தேக்கிலேயே, அவ்வாறு அறுத்த 20 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் 5 விழுக்காடு குறைந்தால் அகலம் ஏறத்தாழ 2 மி.மீ. சுருங்கும். மழைக்காலத்தில் சாய்வெட்டாக அறுத்து, இடைவெளியே தெரியாமல் சேர்த்த மூலை, சித்திரை வெயிலில் வாய் திறந்து நிற்பதற்கு இதுவே காரணம். இரும்பும் அசைகிறது, 3 மீட்டர் நீளக் குழாய் 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. நீள்கிறது. ஒன்று அகலத்திலும் மற்றது நீளத்திலும் அசையும் இவ்விரண்டையும் பசையால் ஒட்டிவிடுவது பிழை. பெட்டி தனியாகவும் குழாய் தனியாகவும் இருக்க, நடுவே சட்டக் கட்டைகள் மட்டும் தொடுவதே முறை.

நின்றுகொண்டிருக்கும் குழாய்மீது பெட்டியைத் தலைவழியே இறக்க இயலாது என்பதால், இரு பாதிகளாகச் செய்து குழாயை நடுவில் வைத்துச் சேர்க்க வேண்டும். நான்கு முகமுள்ள தூணைச் சிற்ப நூலார் பிரமகாந்தம் என்பர். மூன்று பக்கம் முன்னதாக இணைத்த பெட்டியும் பின்னர் மூடும் நான்காம் பலகையுமாக அதை அமைப்பது எளிது. எட்டு முகமுள்ளது விஷ்ணுகாந்தம். எட்டுப் பட்டைகளின் ஓரங்களை 22.5 பாகைச் சாய்வில் இழைத்து, நான்கு நான்காகச் சேர்த்து இரு பாதிகளாக்கினால் அது அமையும். பட்டை குறுகலாவதால் சுருக்கமும் ஒவ்வொரு தையலுக்கும் பங்கிடப்பட்டு வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அழகிலும் உறுதியிலும் படுகை வீட்டுக்கு எட்டு முகமே மேலானது எனத் துணிந்து கூறலாம். கையைச் சற்றே நடுங்கவிட்டு 22.5 பாகையில் அரைப் பாகை தவறினால், எட்டாவது தையலில் அத்தனை பிழையும் சேர்ந்து நிற்கும் என்பதால், முதலில் விலை மலிந்த கட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு வளையம் செய்து பார்த்தபின் தேக்கில் கைவைப்பது நல்லாசாரியின் வழக்கம்.

சாரல் படாத உட்கூடத்துக்குப் பிளைவுட்மீது மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய பலகை போதும். வாசலுக்கு முழு மரமே தகும். போதிகைக்கும் வாழைப்பூவுக்கும் தனியாகச் செதுக்குநர் தேவைப்படுவர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்றவை.

இவ்வேலையில் மனத்தை வருத்தும் ஒரு பழக்கமும் உண்டு. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்கள் காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்று, அங்கிருந்து புதிய வீடுகளுக்கு விலைபோகின்றன. அவ்வாறு வாங்கிய கடைசல் தூணை நெடுக இரண்டாகப் பிளந்து, நடுவைக் குடைந்தெடுத்து, இரும்புக் குழாய்க்கு உறையாக்குவோர் உள்ளனர். பல தலைமுறைகளாக ஓட்டுக் கூரையைத் தாங்கி நின்ற தேக்குத் தூண், பூச்சியும் உளுப்பும் இல்லாதிருந்தால், இன்னும் பல டன் சுமையை இயல்பாகவே தாங்கும். தன் வேலையைச் செய்ய வல்ல ஒன்றை அறுத்து, வேறொன்றின் வேலைக்குத் தோலாக்குவது அதன் உயிரை எடுப்பதாகும். அத்தகைய தூண் கிடைத்தவர், பொறியாளரைக் கொண்டு சுமையைக் கணக்கிட்டு, காற்று தூக்காதபடி மேலும் கீழும் இரும்புப் பிடிகளால் இறுக்கி, அதையே கற்பாதத்தின்மீது முழுமையாக நிறுத்துவது தகும். குழாயை மறைக்கப் புதுப் பலகை போதும்.

பெட்டியின் நான்காம் பலகையை, அல்லது எட்டு முகத்தின் ஒரு பாதியை, ஆணியடிக்காமல் பித்தளைத் திருகுகளால் மாட்டுவது கரையானுக்கு எதிரான முதன்மையான காப்பு. மூடிய பெட்டிக்குள் குழாயோடு ஒட்டி மேலேறும் கரையான், வெளியே ஒரு தடமும் காட்டாமல் உத்தரத்தை அடைந்துவிட முடியும். திறந்து பார்க்க முடிந்தால் அது முடியாது. அடியில் உலக்கைக்குப் போடுவதுபோல் ஒரு பித்தளைப் பூண் போட்டால், காலும் வாளியும் இடிக்கும் இடத்தில் மர ஓரம் சிதையாது. அதை வார்த்துத் தரக் குத்துவிளக்குக்குப் புகழ்பெற்ற நாச்சியார்கோயில் கும்பகோணம் சாலையிலேயே இருக்கிறது. மழை ஓய்ந்து, சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில் திருகுகளைக் கழற்றி, டார்ச் விளக்கை உள்ளே காட்டி, அடித்தகட்டின் தையலில் துரு பூத்திருக்கிறதா, பீடத்தின் விளிம்பில் ஈரமண் கோடு ஏறியிருக்கிறதா எனப் பார்த்து, வேண்டிய இடத்தில் பூச்சை மீண்டும் தடவி, பலகையை மாட்டிவிட ஒரு காலைப்பொழுது போதுமானது.