அணைக்காமல் எரிந்த வால்வுகள்

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், வால்வு எப்போது உயிரை விடும் என்று சொல்லவே முடியாது. 1943-இல் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே பயம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளைக் கோத்து ஒரு கணிப்பொறி செய்யலாம் என்று டாமி ஃபிளவர்ஸ் சொன்னபோது அங்கே பலர் நம்பவில்லை.

ஃபிளவர்ஸ் கிழக்கு லண்டன்காரர், கொத்தனாரின் மகன். அப்போது தொலைபேசியையும் நடத்திவந்த பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளர். போருக்கு முன்பே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக வால்வுகளோடு புழங்கியவர். போட்டுப் போட்டு அணைப்பதில்தான் வால்வு கெடுகிறது என்பதை அந்த அனுபவத்தில் கண்டுகொண்டிருந்தார். இழை சூடாகிக் குளிர்ந்து மறுபடி சூடாகும்போதுதான் பெரும்பாலும் பழுதாகிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால் நீண்ட காலம் உழைக்கும். கணித மேதைகள் கூடியிருந்த இடத்தில் இதை எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்த ஒருவரால்தான் சொல்ல முடிந்தது.

உடைக்க வேண்டியது லோரென்ஸ் என்ற 12 சக்கர மறையெழுத்துக் கருவியின் செய்திகள். ஹிட்லரின் தலைமையகமும் படைத்தளபதிகளும் அதில்தான் பேசிக்கொண்டார்கள். கருவியைக் கண்ணால் பார்க்காமலே அதன் அமைப்பைக் கணித்துவிட்டார் பிளெட்ச்லியின் கணித நிபுணர் பில் டட். சக்கரங்களின் தொடக்க நிலையைத் தேட முதலில் செய்த இயந்திரத்தில் இரண்டு காகித நாடாக்கள் ஒன்றோடொன்று இசைந்து ஓட வேண்டும். வேகம் கூடினால் அவை இழுபட்டு, நழுவி, கிழிந்தன. ஃபிளவர்ஸ் ஒரு நாடாவையே எடுத்துவிட்டு, அதன் வேலையை வால்வுகளிடம் கொடுத்தார்.

லண்டன் டாலிஸ் ஹில் ஆய்வுக்கூடத்தில் சுமார் 1,600 வால்வுகளோடு உருவான ‘கொலோசஸ்’, 1944 ஜனவரியில் பிளெட்ச்லி வந்தது. வினாடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. சுமார் 2,400 வால்வுகள் கொண்ட அடுத்த வடிவம் ஜூன் 1-இல் ஓடத் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கின. இந்த இயந்திரங்களை இரவும் பகலும் இயக்கியவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள்.

போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப்போட்டார்கள். மேலிட உத்தரவுப்படி வரைபடங்களை ஃபிளவர்ஸே உலையில் போட்டு எரித்தார். 1946-இல் அமெரிக்கா ‘எனியாக்’ கணிப்பொறியை உலகுக்குக் காட்டியபோது, பேச அனுமதியின்றி அவர் வாய்மூடி இருக்க நேர்ந்தது. பலவகைக் கணக்குகளையும் போடக்கூடிய பெருமை எனியாக்குக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மின்னணுக் கணிப்பொறியின் கதையை அங்கிருந்து தொடங்குவது ஃபிளவர்ஸுக்குச் செய்யும் அநியாயம். 1970-களில் ரகசியம் மெல்ல வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.