வரிச் சலுகை இருக்கு, பேப்பர் இருக்கா? ஆசியான் ஒப்பந்தமும் உங்க சம்பளமும்

ஜனவரி மாசம் ஹெச்.ஆர். கிட்டயிருந்து ஒரு மெயில் வரும். ‘இன்வெஸ்ட்மென்ட் புரூஃப் கொடுங்க, கடைசி தேதி இது’ன்னு. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு இந்த மெயிலோட அருமை தெரியும். வாடகை நிஜமாவே கட்டியிருப்பீங்க. எல்.ஐ.சி. பிரீமியமும் கட்டியிருப்பீங்க. ஆனா ரசீதைக் கொடுக்க மறந்தா, பிப்ரவரி, மார்ச் சம்பளத்துல டி.டி.எஸ். பிடிச்சுடுவாங்க. சட்டத்துல சலுகை இருக்கு, ஆனா பேப்பர் கொடுக்காததால கைக்கு வரலை.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், அதாவது எஃப்.டி.ஏ., கதையும் இதேதான். அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டு கை குலுக்குறதை டிவியில பார்க்கிறோம். அதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்கறோம். நிஜத்துல அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது.

‘எக்ஸ்போர்ட் பண்றவங்க பாடு அது, எனக்கென்ன?’ன்னு கேட்கலாம். நீங்க ஒரு உற்பத்தி கம்பெனியில வேலை பார்க்கிறீங்கன்னா, இல்ல வீட்டுல அப்பாவோ மாமாவோ ஒரு சின்ன யூனிட் நடத்துறாங்கன்னா, இது உங்க போனஸ், இன்கிரிமென்ட் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஒப்பந்தம் என்ன சொல்லுது?

இந்தியாவும் ஆசியான் நாடுகளும் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்துல 2009 ஆகஸ்ட் 13 அன்னிக்கு பாங்காக்ல கையெழுத்துப் போட்டாங்க. 2010 ஜனவரி 1-லிருந்து அமலுக்கு வந்தது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், மியான்மர், கம்போடியா, லாவோஸ், புருனேன்னு அப்போ 10 நாடுகள். எல்லாப் பொருளுக்கும் வரி போயிடலை. ஆனா பட்டியல்ல இருக்கிற ஏராளமான பொருட்களுக்கு இறக்குமதி வரி படிப்படியா குறைஞ்சது, நிறைய பொருளுக்குப் பூஜ்யமே ஆச்சு.

2023-24-ல நாம ஆசியானுக்கு விற்றது ஏறத்தாழ 41 பில்லியன் டாலர். அங்கிருந்து வாங்கினது ஏறத்தாழ 80 பில்லியன் டாலர். இதுக்கு ஒப்பந்தம் மட்டும் காரணம் இல்ல. பாமாயில், நிலக்கரி, எலெக்ட்ரானிக் பாகங்கள்னு நாம வாங்கியே தீரவேண்டியது நிறைய இருக்கு. ஆனா நமக்குக் கிடைச்ச சலுகையை நாம முழுசா வாங்குறோமாங்கிற கேள்வி மிச்சம் இருக்கு.

அந்தச் சலுகை தானா கிடைக்காது. பொருள் இந்தியாவுல உருவானதுதான்னு நிரூபிக்கிற ‘ஃபார்ம் ஏ.ஐ.’ங்கிற மூலச் சான்றிதழ் வேணும். அதுக்குப் பொதுவா ரெண்டு சோதனை. ஒண்ணு, பொருளோட எஃப்.ஓ.பி. விலையில, அதாவது கப்பல் ஏத்துற வரைக்குமான விலையில, குறைஞ்சது 35% இந்தியாவுலயோ ஆசியான் நாடுகளுக்குள்ளயோ உருவான மதிப்பா இருக்கணும். ரெண்டாவது, வெளியிலிருந்து வந்த பாகங்களோட 6 இலக்க ஹெச்.எஸ். கோடும், முடிஞ்ச பொருளோட கோடும் வேற வேறயா இருக்கணும். சும்மா டப்பா மாத்தி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பக் கூடாதுங்கிறதுக்குத்தான் இந்த ரெண்டும்.

ஒரே பம்ப், ரெண்டு கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வச்சது. கோவையில ஒரு சின்ன யூனிட் மலேசியாவுக்கு பம்ப் அனுப்புதுன்னு வச்சுக்கோங்க. ஒரு பம்போட எஃப்.ஓ.பி. விலை ₹10,000.

- சீனாவிலிருந்து வந்த பாகங்கள்: ₹4,000
- பக்கத்துத் தெரு ஃபவுண்டரியில வாங்கின வார்ப்பு, லேத் பட்டறையில செஞ்ச ஷாஃப்ட்: ₹3,000
- கூலி, மத்த செலவு, லாபம்: ₹3,000

வெளிப்பொருள் 40%. மீதி 60% நம்ம ஊர் மதிப்பு. 35% போதும்னா இது சுலபமா பாஸ் ஆகணும், இல்லையா?

இங்கதான் சிக்கல். ஒப்பந்த விதிப்படி, எங்க உருவானதுன்னு நிரூபிக்க முடியாத பொருளும் வெளிப்பொருள் கணக்குலதான் சேரும். ஃபவுண்டரிக்காரர் கொடுத்தது ஒரு சாதா பில். ‘இது இங்க உருவானது, இந்த மூலப்பொருள்ல செஞ்சது’ன்னு உறுதிமொழி எதுவும் இல்ல. அப்போ அந்த ₹3,000-மும் ‘மூலம் தெரியாதது’ ஆயிடும். வெளிப்பொருள் 70%, நம்ம மதிப்பு 30%. ஃபெயில்.

பம்ப் மாறலை. ஃபவுண்டரியும் அதே தெருவுலதான் இருக்கு. ஒரு தாள் இல்ல, அவ்வளவுதான்.

இதோட விலை என்ன? 500 பம்ப், ₹50 லட்சம் சரக்கு. சாதாரண வரி 10%, ஒப்பந்த வரி 0%ன்னு வச்சுக்கோங்க. மலேசியாவுல வாங்குறவருக்கு ₹5 லட்சம் கூடுதல் செலவு. அவர் அதை நம்ம விலையில குறைக்கச் சொல்லுவார், இல்லைன்னா வேற இடம் பார்ப்பார். சீனாவுக்கும் ஆசியானோட தனி ஒப்பந்தம் இருக்கு. 2022-லிருந்து அமல்ல இருக்கிற ஆர்.சி.இ.பி.யிலயும் சீனா இருக்கு. இந்தியா அதிலிருந்து 2019 நவம்பர்லயே விலகிடுச்சு. ஆக, போட்டியாளர் சலுகையோட நிக்கும்போது நாம சான்றிதழ் இல்லாம நிக்கிறோம்.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? அந்த 35%-ஐக் கணக்கு போடுற நேரடி முறையில உள்நாட்டு மூலப்பொருள், உற்பத்திச் செலவு, லாபத்தோட நேரடித் தொழிலாளர் கூலியும் சேரும். ஷாப் ஃப்ளோர்ல வேலை பார்க்கிறவங்க சம்பளமும் அந்தச் சான்றிதழ்ல ஒரு பங்கு.

தனியா ஏன் முடியலை?

30 பேர் வேலை செய்யுற யூனிட்ல முதலாளிதான் பர்ச்சேஸ், அவர்தான் சேல்ஸ், பேங்குக்குப் போறதும் அவர்தான். ஹெச்.எஸ். கோடு பார்க்கணும், ஒவ்வொரு நாட்டு வரி அட்டவணையும் பார்க்கணும், காஸ்ட் ஷீட் போடணும், டி.ஜி.எஃப்.டி.யோட ஆன்லைன் தளத்துல விண்ணப்பிக்கணும். ‘விடுப்பா, அஞ்சு பர்சென்ட் குறைச்சுக் கொடுத்துடலாம்’னு முடிச்சுடுவார்.

சில குழப்பங்களும் உண்டு. வர்த்தக சபைகள் கொடுக்கிற சாதாரண மூலச் சான்றிதழை வச்சு வரிச் சலுகை கிடைக்கும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. கிடைக்காது. ஆசியான் சலுகைக்கான சான்றிதழ் வேற, அதைக் கொடுக்கிறது ஏற்றுமதி ஆய்வு கவுன்சில் மாதிரி அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு. தூத்துக்குடியிலிருந்து கிளம்புற சரக்கு கொழும்புல கப்பல் மாறிப் போனா, வழியில எதுவும் மாத்தலைன்னு காட்டுற ‘த்ரூ பில் ஆஃப் லேடிங்’ வேணும். சரக்கு கிளம்பின பிறகு நினைவு வந்தாலும் கதை முடிஞ்சுடாது. 12 மாசத்துக்குள்ள, விதிவிலக்கா, பின்தேதியில சான்றிதழ் வாங்க வழி இருக்கு. இது தெரியாமலே விட்டவங்க எத்தனை பேரோ!

சங்கம் என்ன செய்யலாம்?

தொழில் சங்கம்னா வருஷத்துக்கு ஒரு விழா, ஒரு டைரி, பட்ஜெட் அன்னிக்கு ஒரு அறிக்கைன்னு நினைக்கிறோம். அதுக்கு மேல செய்ய முடியும்ங்கிறதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. 1990-ல தொடங்கின திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்துக்கு, நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா, திருப்பூர் தண்ணீர்த் திட்டம் மாதிரி பெரிய வேலைகள்ல முக்கியப் பங்கு உண்டு. தண்ணியவே சேர்ந்து கொண்டுவர முடிஞ்சா, ஒரு தாளைச் சேர்ந்து தயார் பண்ண முடியாதா?

1. பொது உறுதிமொழிப் படிவம். ஃபவுண்டரிக்காரரும் லேத் பட்டறைக்காரரும் பெரும்பாலும் அதே ஊர் ஆட்கள். எல்லாரும் ஒரே மாதிரி ‘சப்ளையர் டிக்ளரேஷன்’ கொடுக்கணும்னு சங்கம் ஒரு படிவம் போட்டா, மேல பார்த்த 30% திரும்பவும் 60% ஆயிடும். பைசா செலவில்லாத வேலை.

2. ஒரு பக்க வரி அட்டை. உறுப்பினர்கள் செய்யுற முக்கியமான 20 பொருளுக்கு ஹெச்.எஸ். கோடு, ஒவ்வொரு ஆசியான் நாட்டுலயும் சாதாரண வரி எவ்வளவு, ஒப்பந்த வரி எவ்வளவுன்னு ஒரே தாள்ல. வித்தியாசமே இல்லாத பொருளுக்குச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். வித்தியாசம் இருக்கிறதை விடவும் வேண்டாம்.

3. பங்கு போட்டு ஒரு ஆள். மாசம் ₹50,000 சம்பளத்துல காஸ்டிங்கும் டாக்குமென்டேஷனும் தெரிஞ்ச ஒருத்தர். 25 யூனிட் சேர்ந்தா தலைக்கு ₹2,000. மேல சொன்ன ஒரு சரக்குலயே வாங்குறவருக்கு ₹5 லட்சம் மிச்சம்னா, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

4. நிராகரிப்புப் பதிவேடு. எந்தத் துறைமுகத்துல, என்ன காரணம் சொல்லி, யாரோட சான்றிதழ் திரும்பி வந்ததுன்னு சங்கம் எழுதி வைக்கணும். இந்த ஒப்பந்தத்தை மறுஆய்வு பண்ணி 2025-க்குள்ள முடிக்கணும்னு இரு தரப்பு அமைச்சர்களும் 2023-ல இலக்கு வச்சாங்க. அந்த மாதிரிப் பேச்சுல ‘எங்களுக்குக் கஷ்டமா இருக்கு சார்’ங்கிறது எடுபடாது. 40 சம்பவத்தோட பட்டியல் எடுபடும்.

5. தற்காப்பு. ஒப்பந்தம் ரெண்டு பக்கமும் வெட்டும். அங்கிருந்து மலிவா வர்ற பொருள் இங்க ஒரு யூனிட்டை மூடவும் வைக்கும். அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுறாங்கன்னு பொருள்குவிப்புத் தடுப்பு வரி கேட்கணும்னா, அந்தப் பொருளோட உள்நாட்டு உற்பத்தியில குறைஞ்சது 25% பங்கு வச்சிருக்கிறவங்க ஆதரவு வேணும். ஒரு சின்ன யூனிட்டால இந்த ஜென்மத்துல முடியாது. பல ஊர் யூனிட்களோட கணக்கையும் ஒண்ணா திரட்ட ஒரு சங்கத்தாலதான் முடியும்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

உற்பத்தி கம்பெனியில அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கீங்களா? ‘ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்’ படிங்க. ஒப்பந்த வாசகம் வர்த்தக அமைச்சகத்தோட இணையதளத்துல இலவசமாவே கிடைக்கும். ‘நம்ம ஆசியான் ஆர்டர்ல எத்தனைக்கு ஃபார்ம் ஏ.ஐ. போட்டோம்?’னு மேனேஜர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. கம்பெனிக்கு லட்சக்கணக்குல மிச்சம் பண்ணிக் காட்டினவருக்கு அப்ரைசல் மீட்டிங்ல பேச விஷயம் இருக்கும். மேல சொன்ன ‘பங்கு போட்ட ஆள்’ வேலையும் உங்களுக்கே வரலாம்.

உங்க கம்பெனி ஆசியான்லிருந்து வாங்குதா? 2020 செப்டம்பர் 21-லிருந்து சுங்கத்துறை விதி கடுமையா இருக்கு. சப்ளையர் கொடுத்த சான்றிதழ் மட்டும் போதாது. அந்தப் பொருள் எப்படி அங்க உருவானதுங்கிற விவரமும் இறக்குமதி பண்றவர் கையில இருக்கணும், 5 வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். இல்லைன்னா சலுகையை மறுக்க முடியும்.

வீட்டுல யூனிட் இருக்கா? இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவோட உட்கார்ந்து ஒரு பொருளுக்கு மட்டும் மேல போட்ட மாதிரி மூணு வரி கணக்கு போடுங்க. எந்தச் சப்ளையர் தாள் தரலைன்னு பாருங்க. சங்கத்தோட அடுத்த கூட்டத்துக்கு அவர் போகும்போது அந்தத் தாளைக் கையில கொடுத்து அனுப்புங்க.

ஷேர் வாங்குறவரா? ‘புது எஃப்.டி.ஏ. கையெழுத்தாச்சு’ன்னு செய்தி வந்த அன்னிக்கே ஓடிப்போய் வாங்காதீங்க. அந்தக் கம்பெனி எந்த நாட்டுக்கு விக்குது, அதோட மூலப்பொருள்ல எவ்வளவு வெளியிலிருந்து வருதுன்னு ஆண்டறிக்கையில பாருங்க. அந்த ஒப்பந்தத்தோட மூல விதியைத் தாண்டாத கம்பெனிக்கு அது வெறும் செய்திதான்.

எல்.ஐ.சி. ரசீதைத் தேடி அலமாரியைக் கவுக்கிற நாம, இந்த ஒரு தாளையும் தேடப் பழகிக்கலாம். காஸ்ட் ஷீட் எப்படிப் போடுறதுன்னு எக்செல்ல படிப்படியா காட்டி ஒரு வீடியோ நம்ம சேனல்ல போடுறேன். உங்க பொருளோட ஹெச்.எஸ். கோடை மட்டும் அதுக்குள்ள கண்டுபிடிச்சு வச்சுக்கோங்க.