எரிமலை துரத்திய கமக்காரர்

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் திரிஸ்தான் டா குன்ஹா என்றொரு சிறுதீவு உண்டு. ஆட்கள் வாழும் அடுத்த நிலமான சென்ற் ஹெலினா ஏறத்தாழ 2,400 கிலோமீற்றருக்கு அப்பால். விமானத்தளம் கிடையாது, இன்றும் கப்பலே கதி.

1816இல் வந்திறங்கிய பிரித்தானியப் படை மறு ஆண்டு திரும்பியபோது, வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர் குடும்பத்தோடு தங்கிவிட்டார். பின்னர் வந்த மாலுமிகளும் சேர, ஊர் வளர்ந்தது. உருளைக்கிழங்குதான் அவர்களின் சீவியம். காற்றுக்குக் கல்மதில் கட்டிய சிறு தோட்டங்கள். காணி எல்லோருக்கும் பொது. புற்றரை அழியாதிருக்கவும், ஒருவரே பணக்காரராகாதிருக்கவும் வீட்டுக்கு இத்தனை மாடு, ஆடு என்று கட்டுப்பாடும் உண்டு. எங்கள் சங்கங்கள் யோசிக்கவேண்டிய விடயம்!

1961 ஒக்ரோபரில் ஊருக்கருகே நிலம் பிளந்து எரிமலை கக்கியது. 264 பேரும் இடம்பெயர்ந்து இங்கிலாந்து சேர்ந்தார்கள். வீடு, வேலை, மின்சாரம் எல்லாம் கிடைத்தன. ஆனால் குளிரும் சளிச்சுரமும் முதியவர் சிலரைக் கொண்டுபோயின. 1962இல் வாக்கெடுப்பு: திரும்புவோம் என்றவர்கள் 148, வேண்டாமென்றவர்கள் 5. முதலில் 12 பேர் போய் வீடுகளையும் தோட்டங்களையும் சீராக்கினார்கள். மற்றவர்கள் 1963இல் சேர்ந்தார்கள். சிலர் பின்னர் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய இறங்குதுறையை எரிமலைக்குழம்பு மூடியிருந்தது. 1967இல் புதுத் துறைமுகம் கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் கால்ஷொட்: இங்கிலாந்தில் அவர்கள் அகதிகளாய்த் தங்கியிருந்த இடத்தின் பெயர்.