வகுப்பு மரபுரிமையும் உறவுநிலை அட்டவணையும்: வேதாரண்யம் மரபுச் சான்றுகளை முன்வைத்துப் பிழைகளைதல்

ஆய்வுச் சுருக்கம்

வகுப்பு மரபுரிமையைத் தரவுத்தள அட்டவணைகளோடு பொருத்தும் நிரலகங்கள் சில வேளைகளில் பிழைச்செய்தி ஏதுமின்றித் தரவுகளை விட்டுவிடுகின்றன. வேதாரண்யம் குறித்த சான்றுகளுக்கான மாதிரித் தரவுத்தளம் ஒன்றைக் கொண்டு, அவ்விடுபாட்டின் காரணத்தையும் கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் ஒருங்குறியால் நேரும் சிக்கலுக்குச் சிறப்பிடம் தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், வகுப்பு மரபுரிமை, வகைகாட்டி, ஒருங்குறி, வேதாரண்யம்

முன்னுரை

திருமறைக்காடு என்னும் வேதாரண்யம் பல்வகைச் சான்றுகளை ஒருங்கே தரும் ஊர். தேவார மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். மறைக்காட்டுநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறியதும் இங்கேதான். இவற்றையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் தொகுக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது, வேறுபட்ட பொருள்களை ஒரே அமைப்பில் எவ்வாறு அடக்குவது என்னும் வினாவாகும்.

‘சான்று’ எனத் தாய் வகுப்பு ஒன்றையும், அதன்கீழ்க் ‘கல்வெட்டு’, ‘பதிகம்’, ‘நிகழ்விடம்’, ‘தொல்பொருள்’ எனச் சேய் வகுப்புகளையும் அமைப்பது இயல்பான தீர்வு. இடம், குறிப்பு முதலியன தாய்க்கு உரியவை. ஆட்சியாண்டு கல்வெட்டுக்கும், பண் பதிகத்துக்கும் மட்டுமே உரியவை. ஆனால் உறவுநிலைத் தரவுத்தளத்திற்கு மரபுரிமை என்பது இயல்பாகத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை கிடைவரிசையும் நெடுவரிசையும் மட்டுமே. இவ்விடைவெளியை நிரப்பும் வழிகளை மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் மூன்றாக வகுத்தார்: எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அட்டவணை, தாய்க்கும் சேய்க்கும் தனித்தனி அட்டவணை வைத்துச் சாவியால் இணைத்தல், சேய் ஒவ்வொன்றுக்கும் முழுமையான தனி அட்டவணை. பைத்தானின் எஸ்க்யூஎல்ஆல்கெமி, ஜாவாவின் ஹைபர்னேட் ஆகியன இம்மூன்றையும் ஏற்கின்றன. மூன்றாவதை இங்கு விடுத்து, முதலிரண்டை மட்டும் நோக்குவோம்.

வகைகாட்டியின் பணி

தொல்காப்பியம் கூறும் விரவுப்பெயரை ஆய்வாளர் நன்கறிவர். ‘சாத்தன்’ என்ற பெயர் மட்டும் நின்றால் அது மனிதனா விலங்கா என்பது விளங்காது; ‘வந்தான்’ என்றோ ‘வந்தது’ என்றோ வினை முடியும்போதே திணை தெளிவுறும். தாய் அட்டவணையின் கிடைவரிசையும் விரவுப்பெயரை ஒத்ததே. அது கல்வெட்டா பதிகமா என்பதை அறிவிப்பது ‘வகை’ என்னும் ஒற்றை நெடுவரிசை. இதனை வகைகாட்டி எனலாம். இப்பொருத்தத்தில் தோன்றும் பிழைகளில் பெரும்பாலானவை இந்நெடுவரிசையில் வந்து முடிகின்றன என்பது என் கருத்து.

எஸ்க்யூஎல்ஆல்கெமியில் வகைகாட்டியை அறிவிக்க மறந்தால், தாய் வகுப்பின் வழி அழைக்கப்படும் அனைத்தும் வெறும் ‘சான்று’களாகவே திரும்பும், ஆட்சியாண்டைக் கேட்டால் அப்படியொரு பண்பில்லை என்று நிரல் நின்றுவிடும். இது வெளிப்படையான பிழையாதலால் தீங்கு குறைவு.

தீங்கு மிக்கது வேறொன்று. விரிதாளில் தட்டச்சு செய்த தரவுகளை நிரலகத்தின் வழியன்றி நேரே அட்டவணையில் ஏற்றுவது நம்மிடையே பெருவழக்கு. அப்போது வகைகாட்டி வெறுமையாகவோ வேறு எழுத்துக்கூட்டலுடனோ அமைந்துவிடலாம். தாய் வகுப்பின் வழி வினவினால், இவ்வகை அறிவிக்கப்படவில்லை என்று நிரலகம் மறுக்கும். பலரும் இச்செய்தியைக் கண்டு, சேய் வகுப்பின் வழி வினவிப் பார்க்கின்றனர். பிழைச்செய்தி மறைகிறது, தரவும் உடன் மறைகிறது. ஒற்றை அட்டவணை முறையில் சேய் வகுப்பு வினவல், வகைகாட்டி இன்ன மதிப்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தானே சேர்த்துக்கொள்வதே காரணம். இவ்வாறு கிடைத்த எண்ணிக்கை கட்டுரையில் அச்சேறினால், பின்வருவோர் அதனையே மேற்கோளாகக் கொள்வர்.

ஒரே தோற்றம், இரு வடிவம்

வகைகாட்டியில் ‘தொல்பொருள்’ என்று தமிழிலேயே எழுதுவதாகக் கொள்வோம். ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனும் இரு குறியீடுகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாக இருந்தமையால், கவனமின்றி மாற்றப்பட்ட கோப்புகளில் பின்னைய வடிவம் தங்கிவிடுவதுண்டு. முதல் வடிவில் இச்சொல்லின் நீளம் 10 குறியீடுகள், இரண்டாவதில் 12. கண்ணுக்கு ஒன்றானவை கணினிக்கு வெவ்வேறு.

கண்டறிவது எளிது. வகைகாட்டியின் மதிப்புகளையும் அவற்றின் நீளத்தையும் குழுவாக்கி எண்ணும் வினவலை, நிரலகத்தைத் தவிர்த்து, தரவுத்தளத்திலேயே நேரடியாக இயக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் இயல்பான அமைப்பில் ‘தொல்பொருள்’ இரு வரிகளில் வந்தால் நோய் தெரிந்துவிட்டது. சேய் வகுப்புகளின் எண்ணிக்கைகளைக் கூட்டி, அட்டவணையின் மொத்தத்தோடு ஒப்பிடுவது இன்னும் விரைவானது. ஆயினும் குறைபாட்டின் இடத்தை அது காட்டாது.

2020இல் வெளியான போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 13ஆம் பதிப்பு முதல், ஒருங்குறி இயல்பாக்கச் செயற்கூறு தரவுத்தளத்திலேயே உள்ளது. என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் மேற்சொன்ன ஒகரச் சிக்கல் தீரும். ஆனால் ஔகாரக் குறி இதற்கு அடங்காது. நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தப் படிமங்களுக்குத் தனி வகுப்பு அமைத்து, ‘பௌத்தம்’ என்பதன் முதலெழுத்தை ஒருவர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் கொண்டு தட்டியிருந்தால், இயல்பாக்கம் அதனைத் தீண்டாது. அவ்வெழுத்து வரிசை வேறொரு சொல்லில் முறையாகவே வரக்கூடியதல்லவா?

எனவே வகைகாட்டியில் தமிழ்ச் சொல்லை இடாமல் எண் குறியீட்டை இடுவதும், அவ்வெண்களுக்குரிய பெயர்களைச் சிறு வகைப்பட்டியல் அட்டவணையில் வைத்து அயற்சாவியால் பிணைப்பதும், வெறுமையை மறுக்கும் கட்டுப்பாட்டை விதிப்பதும் பாதுகாப்பானவை. அப்போது நேரடி ஏற்றமும் தவறான வகையை நுழைக்க இயலாது. ஹைபர்னேட்டில் நாம் எதுவும் குறிப்பிடாவிடின் வகுப்பின் பெயரே வகைகாட்டி மதிப்பாகும்; பின்னாளில் பெயரை மாற்றினால் பழைய தரவுகள் அநாதையாகும். எண் குறியீட்டை வெளிப்படையாக அறிவிப்பது இதற்கும் மருந்து.

வெறுமையின் இருபொருள்

ஒற்றை அட்டவணை முறையில் ஆட்சியாண்டு நெடுவரிசை வெறுமையை ஏற்றாக வேண்டும். பதிகத்துக்கு ஆட்சியாண்டு இல்லை. ஆனால் கல் சிதைந்து ஆட்சியாண்டு படிக்க இயலாத கல்வெட்டுக்கும் அதே வெறுமைதான் பதிவாகும். பொருந்தாமையும் சிதைவும் ஒன்றாகிவிடுகின்றன. கல்வெட்டியலில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. தாய், சேய் அட்டவணைகளை இணைக்கும் முறையில் பதிகத்துக்கு அந்நெடுவரிசையே இராதாகையால், வெறுமை சிதைவை மட்டும் குறிக்கும். அனைத்துச் சான்றுகளையும் பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் தனி வினவல் எழுந்து வேகம் குன்றுவது அம்முறையின் குறை. சேய் அட்டவணைகளையும் சேர்த்தே அழைக்குமாறு நிரலகத்தைப் பணித்தால் அது பெரிதும் தணியும். சில ஆயிரம் பதிவுகளே கொண்ட ஓர் ஊரின் தொகுப்புக்கு வேகம் ஒரு பொருட்டும் அன்று. முன்பே ஒற்றை அட்டவணையில் அமைத்துவிட்டோர், ‘வாசிப்பு நிலை’ என்னும் நெடுவரிசையைச் சேர்த்து, முழுமை, பகுதிச் சிதைவு, முழுச் சிதைவு எனக் குறித்து, அது கல்வெட்டு வகைக்குக் கட்டாயம் எனத் தரவுத்தளத்திலேயே விதித்துக்கொள்ளலாம்.