கட்டணம் கட்டாதவன் கட்டிய காற்றாலை

கட்டணம் கட்ட வழியில்லையா? படித்தது போதும், போ! இப்படி வெளியேற்றப்பட்ட ஒரு சிறுவன்தான் பின்னர் தன் வீட்டில் விளக்கேற்றினான். எண்ணெய் விளக்கா? இல்லை, மின்விளக்கு!

ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு நாடு. அங்கே கசுங்கு பகுதியில் உழவர் குடும்பத்தில் வளர்ந்தவன் வில்லியம் காம்குவாம்பா. 2001-02இல் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியது. மக்காச்சோளம் பொய்த்தது. ஒருவேளைக் கஞ்சிக்கே திண்டாடிய வீட்டில், பள்ளிக்குக் கட்ட ஆண்டுக்கு 80 டாலர் எங்கிருந்து வரும்? பதினான்கு வயதில் படிப்பு நின்றது.

உயர்நிலைப் பள்ளி கதவைச் சாத்தியது. ஊரிலிருந்த சிறு நூலகம் கதவைத் திறந்தது. அங்கே ஒரு புத்தகத்தின் அட்டையில் காற்றாலைகளைக் கண்டான். கண்டவன் கனவோடு நிற்கவில்லை. காயலான் பொருள்களைத் தேடிப் புறப்பட்டான்.

மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழலும். இதை யாவரும் அறிவோம். மோட்டாரை நாம் சுழற்றினால் அது மின்சாரம் கொடுக்கும். இதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. காந்தத்தருகே கம்பிச்சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831லேயே மெய்ப்பித்தார் பாரடே. எல்லா மோட்டாரும் எளிதில் இணங்கிவிடாது. உள்ளே நிலைக்காந்தம் இருப்பதே இதற்கு ஏற்றது.

பழைய கேசட் பெட்டியின் சிறு மோட்டாரில் விசிறி பொருத்தி, முதலில் வானொலியைப் பாடவைத்தான். பிறகு பெரிய முயற்சி. சைக்கிள் சட்டம், டிராக்டர் விசிறி, தீயில் வாட்டி விரித்த பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் டைனமோ! காற்றோ மெல்லச் சுழற்றும். டைனமோவோ வேகம் கேட்கும். சங்கிலியும் சக்கரமும் அந்தக் குறையைத் தீர்த்தன. தைலமரக் கோபுரத்தில் அதை ஏற்றியபோது, பைத்தியம் என்று சிரித்த ஊர், பல்பு எரிந்ததும் வாயடைத்து நின்றது. பின்னர் 4 விளக்குகளும் 2 வானொலிகளும் இயங்கின. 2014இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் அவர் பட்டமும் பெற்றார்.

“பார்த்தீர்களா! முயன்றால் ஏழையும் முன்னேறலாம். பிறகு இலவசக் கல்வி எதற்கு?” என்று கிளம்புவோர் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: அந்த நூலகமும் இல்லாதிருந்தால்? கட்டணமின்றி வெளியேறிய மற்றப் பிள்ளைகள் எங்கே? கட்டப்படாமலே போன காற்றாலைகள் எத்தனை?

குப்பையில் கிடந்த மோட்டாருக்குள்ளும் ஒளி தரும் ஆற்றல் இருந்தது. சுழற்றக் காற்றுதான் வேண்டியிருந்தது. குடிசைப் பிள்ளையின் அறிவுக்குக் கல்வியே காற்று. காற்றுக்குக் கட்டணம் கேட்பதும் ஒரு நீதியா?