"டியூப் போடணும்!" - தொண்டைக்குள் கண்ணா, கேமராவா... முதல் முயற்சியிலேயே ஜெயிப்பது எது?

"பேஷன்ட்டால தானா மூச்சு விட முடியலை. டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

ஐசியூ வாசலில் நிற்கும் எந்தக் குடும்பத்தையும் உலுக்கிப்போடும் வார்த்தைகள் இவை. கொரோனா காலத்துக்குப் பிறகு 'வென்டிலேட்டர்' என்ற சொல் எல்லா வீடுகளுக்கும் பழகிவிட்டது. ஆனால், அந்த மெஷினோடு நோயாளியை இணைப்பதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் வேலை அது. மருத்துவர்கள் இதை 'இன்டியூபேஷன்' என்கிறார்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தடுமாறினால், அவசர சிகிச்சையிலேயே மிக ஆபத்தான நிமிடங்களாக அவை மாறிவிடும். பல ஆண்டுகளாக மருத்துவர்கள் இதை வெறும் கண்ணால் பார்த்துத்தான் செய்துவந்தார்கள். இப்போது கருவியின் நுனியிலேயே கேமரா வந்துவிட்டது. கேமரா உண்மையிலேயே உதவுகிறதா அல்லது பில்லை ஏற்றும் இன்னொரு மெஷினா?

ஏன் இவ்வளவு கஷ்டம்?

தொண்டையின் அடியில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் வாசலில் குரல்நாண்கள் இருக்கின்றன. அந்த இரண்டு நாண்களுக்கு நடுவே உள்ள சின்ன இடைவெளியில்தான் குழாய் நுழைய வேண்டும். கொஞ்சம் தவறினாலும் அது உணவுக்குழாய்க்குள் போய்விடும். அப்போது செலுத்தும் ஆக்சிஜன் நுரையீரலுக்குப் பதில் வயிற்றுக்குப் போகும். உடனே கண்டுபிடிக்காவிட்டால் உயிரே போகலாம்.

வாயிலிருந்து அந்த வாசலைப் பார்ப்பதும் சுலபமில்லை. நாக்கு மறைக்கும், குரல்வளை மூடி மறைக்கும், பாதையும் நேராக இல்லாமல் வளைந்து இறங்கும்.

இதில் நேரமும் எதிரிதான். குழாயைப் போடுவதற்கு முன்பு பொதுவாக மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தருவார்கள். அந்த மருந்து வேலை செய்ததும் நோயாளி தானாக விட்டுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் நின்றுவிடும். முன்கூட்டியே நன்றாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான மனிதர் சில நிமிடங்கள் தாக்குப்பிடிப்பார். கடுமையான நிமோனியா உள்ளவருக்கோ, விபத்தில் சிக்கியவருக்கோ ஆக்சிஜன் அளவு மடமடவெனச் சரியும்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் நோயாளி வெறும் வயிற்றோடு வருவார், சோதனைகள் முடிந்திருக்கும். அவசர சிகிச்சையில் வயிறு நிறைய சாப்பாடு இருக்கலாம், வாயில் ரத்தமோ வாந்தியோ இருக்கலாம், கழுத்தில் அடிபட்டிருக்கலாம். முதல் முயற்சி தோற்று, இரண்டாவது, மூன்றாவது என்று போனால் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், அடுத்த முயற்சி இன்னும் கடினமாகும். அதனால்தான் 'முதல் முயற்சியிலேயே வெற்றி' என்பதை இதில் முக்கிய அளவுகோலாக வைக்கிறார்கள்.

பாட்டு வாத்தியார் ஆரம்பித்து வைத்தது!

குரல்நாண்களைப் பார்க்கும் முயற்சியில் மறக்க முடியாத பெயர் ஒரு பாட்டு வாத்தியாருடையது. ஸ்பெயினில் பிறந்த மானுவல் கார்சியா, குரல் எப்படி உருவாகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். 1854-ல் ஒரு சிறிய கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியின் உதவியோடு தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். 1895-ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் கிர்ஸ்டீன், கண்ணாடி இல்லாமல் நேரடியாகக் குரல்வளையைப் பார்க்கும் கருவியை உருவாக்கினார். 1943-ல் ஆக்ஸ்ஃபோர்டு மயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் மெக்கின்டாஷ் வளைந்த பிளேடை அறிமுகப்படுத்தினார். இன்றுவரை உலகம் முழுக்க மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது அந்த வடிவம்தான்.

கைப்பிடி, அதில் ஒரு பிளேடு, நுனியில் சின்ன விளக்கு. இதுதான் வழக்கமான லாரிங்கோஸ்கோப். மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நின்று, இடது கையால் பிளேடை வாய்க்குள் நுழைத்து, நாக்கை ஒதுக்கி, தாடையோடு தூக்குவார். கண்ணுக்கும் குரல்நாணுக்கும் நடுவே நேர்கோடு கிடைத்தால் குழாயை உள்ளே விடலாம். அந்த ஒரு மருத்துவர் என்ன பார்க்கிறார் என்பது பக்கத்தில் நிற்கும் வேறு யாருக்கும் தெரியாது.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் பிளேடின் நுனிக்கு அருகே கேமரா இருக்கும். படம் திரையில் தெரியும். கனடாவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் பேசி உருவாக்கிய 'கிளைடுஸ்கோப்' 2001-ல் சந்தைக்கு வந்து இந்த வகைக் கருவிகளைப் பிரபலமாக்கியது. கேமரா வளைவைத் தாண்டி உள்ளே நிற்பதால் கண்ணிலிருந்து நேர்கோடு தேவையில்லை. சீனியர் மருத்துவர், நர்ஸ், பயிற்சி டாக்டர் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கலாம். "இன்னும் கொஞ்சம் மேலே", "குழாய் பின்னால் போகிறது" என்று உடனே சொல்லவும் முடியும்.

பிரான்ஸ் தந்த அதிர்ச்சி!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 2017-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான பிரெஞ்சு ஆய்வு எல்லோரையும் யோசிக்க வைத்தது. ஏழு ஐசியூக்களில் 371 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. முதல் முயற்சி வெற்றி கேமராவில் 67.7 சதவிகிதம், வெறும் கண்ணில் 70.3 சதவிகிதம். அதாவது, பெரிய வித்தியாசமே இல்லை. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் கேமரா பிரிவில்தான் அதிகம் பதிவாகின: 9.5 சதவிகிதம். மற்ற பிரிவில் 2.8 சதவிகிதம்.

கேமராவில் குரல்நாண்கள் நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால், திரையில் தெரிந்த வாசலுக்குள் குழாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை. குழாய் தளதளவென்று வளையும். அதற்குள் ஸ்டைலெட் எனப்படும் கம்பியைச் செருகினால் வடிவம் நிற்கும். 'பூஜி' என்ற மெல்லிய வழிகாட்டிக் குச்சியை முதலில் உள்ளே விட்டு, அதன் மேல் குழாயை நழுவவிடும் முறையும் உண்டு. பிரெஞ்சு ஆய்வில் இந்தத் துணைக்கருவிகளை முதல் முயற்சியிலேயே பரவலாகப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்று பின்னர் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு!

அடுத்த பெரிய பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 'டிவைஸ்' என்ற ஆய்வு 2022 மார்ச் முதல் நவம்பர் வரை, 17 அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஐசியூக்களிலும் நடந்தது. மோசமான நிலையில் வந்த நோயாளிகளில் யாருக்குக் கேமரா, யாருக்குச் சாதாரணக் கருவி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

2,000 பேர் வரை சேர்ப்பதுதான் திட்டம். ஆனால், இடையில் கணக்கெடுத்தபோதே வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 1,417 பேரின் முடிவுகள் 2023-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாகின. முதல் முயற்சி வெற்றி கேமராவில் 85.1 சதவிகிதம், வெறும் கண்ணில் 70.8 சதவிகிதம். 100 நோயாளிகளை எடுத்துக்கொண்டால், கூடுதலாக 14 பேருக்கு முதல் முயற்சியிலேயே வேலை முடிந்தது.

இந்த ஆய்வில் குழாய் போட்டவர்களில் 10-ல் 9 பேர் பயிற்சியில் இருந்த மருத்துவர்கள். அனுபவம் குறைந்த கைகளுக்குக் கேமராவால் கிடைத்த பலன் அதிகமாகவும், நிறைய குழாய்கள் போட்டுப் பழகியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டியில் இருப்பது பெரும்பாலும் இளம் மருத்துவர்கள்தான் என்பதை நினைத்தால், இந்தத் தகவலின் கனம் புரியும்.

அதே சமயம், இன்னொரு எண்ணையும் மறைக்கக் கூடாது. ஆக்சிஜன் அபாய அளவுக்குக் குறைவது, ரத்த அழுத்தம் சரிவது, இதயம் நிற்பது போன்ற கடுமையான சிக்கல்கள் கேமரா பிரிவில் 21.4 சதவிகிதம், மற்றதில் 20.9 சதவிகிதம். கிட்டத்தட்ட சமம். குழாய் சீக்கிரம் உள்ளே போனாலும், நோயாளி எந்த நிலையில் வந்தார், அவரை அதற்கு எப்படித் தயார் செய்தார்கள் என்பதைப் பொறுத்தே ஆபத்து இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

222 ஆய்வுகளை, 26,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களோடு அலசிய காக்ரேன் அமைப்பின் 2022 அறிக்கையும், வீடியோ கருவிகளால் குழாய் போடுவது தோல்வியடையும் வாய்ப்பு குறைகிறது என்றே சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை திட்டமிட்ட ஆபரேஷன்களில் நடந்த ஆய்வுகள்.

கேமராவும் ஏமாற்றும்!

லென்ஸ் மேல் ரத்தமோ வாந்தியோ பட்டால் திரையில் எதுவும் தெரியாது. உடல் சூட்டில் லென்ஸ் பனித்துப்போகலாம். சார்ஜ் தீர்ந்துபோகலாம். விலையும் சாதாரணக் கருவியைவிட அதிகம். எனவே, கேமரா வந்துவிட்டது என்பதற்காகக் கண்ணால் பார்த்துப் போடும் பழைய கைப்பழக்கத்தை விட்டுவிட முடியாது. மெக்கின்டாஷ் வடிவிலேயே கேமரா பொருத்திய பிளேடுகளும் இருக்கின்றன. திரை மங்கினால், அதே கருவியை வைத்து நேரடியாகப் பார்த்தும் குழாயைப் போட்டுவிடலாம்.

குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்யவும் கண்ணோ கேமராவோ மட்டும் போதாது. வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அலைக்கோடாகக் காட்டும் 'கேப்னோகிராபி' கருவி அவசியம். தொடர்ந்து அலை வந்தால் குழாய் மூச்சுப்பாதையில் இருக்கிறது. வராவிட்டால், குழாய் தவறான இடத்தில் இருப்பதாகக் கருதியே செயல்பட வேண்டும் என்கின்றன 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள். முடிந்த இடங்களிலெல்லாம் வீடியோ லாரிங்கோஸ்கோப்பை வழக்கமாகப் பயன்படுத்தவும் அவை பரிந்துரைக்கின்றன. இந்தியாவில் அகில இந்திய கடின சுவாசப்பாதை சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஐசியூ நோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. குழாய் போடும்போதும் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், முயற்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

அவசர நேரத்தில் "கேமரா வெச்சுதான் போடணும்" என்று வாசலில் வாக்குவாதம் செய்வதால் பலனில்லை. எந்தக் கருவி என்பதை அந்த இடத்தில் இருக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். ஆனால், குடும்பத்தினருக்கு மட்டுமே தெரிந்த சில விஷயங்கள் அவருக்குப் பெரிய உதவி. கேட்கும் வரை காத்திருக்காமல் இவற்றைச் சொல்லிவிடலாம்.

* நோயாளி கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார்?
* பல்செட் இருக்கிறதா, ஆடும் பற்கள் இருக்கின்றனவா?
* பான், குட்கா பழக்கத்தால் வாயை முழுதாகத் திறக்க முடியாத நிலை இருக்கிறதா?
* கழுத்தில், தொண்டையில் ஆபரேஷனோ ரேடியேஷனோ நடந்திருக்கிறதா?
* பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்னை உண்டா?
* முன்பு எப்போதாவது மயக்க மருந்து கொடுத்தபோது சிக்கல் வந்ததா, எந்த மருந்தாவது அலர்ஜியா?

"டியூப் போட்டால் அவ்வளவுதான்" என்ற பயமும் தேவையில்லை. நுரையீரலுக்கும் உடலுக்கும் ஓய்வு கொடுத்து, நோய்க்கான சிகிச்சை வேலை செய்ய அவகாசம் வாங்கித்தரும் வழி அது. நோய் குறைந்து, குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இருப்பதால் அது உள்ளே இருக்கும் வரை நோயாளியால் பேச முடியாது. எடுத்த பிறகு தொண்டை வலியும் கரகரப்பும் சில நாள்கள் இருக்கலாம். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். "டியூப் போடும்போது கஷ்டமாக இருந்ததா?" ஆம் என்றால், என்ன கஷ்டம், எந்தக் கருவியால் முடிந்தது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித்தரச் சொல்லுங்கள். அதை போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருடைய மொபைலிலும் வைத்திருங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், அவரை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர் அந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, முதல் முயற்சிக்கே சரியான கருவியோடு தயாராக முடியும்.